தூண்டில் ராடு கைப்பிடி: கார்க்கா, ஃபோமா?

எல்லாருக்கும் வணக்கம். கடலூர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் உப்பனாற்று ஓரத்தில் கொடுவாய் மீனுக்காகத் தவம் கிடப்பேன், சில நாள் தேவனாம்பட்டினம் கடற்கரை.

என் ஒன்பதடி ராடின் கார்க் கைப்பிடி உதிர ஆரம்பித்துவிட்டது. ரீல் (நரம்பு சுற்றும் உருளை) உட்காரும் இடத்துக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்து, அந்தக் குழியில் இறால் நாற்றம் குடியேறிவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. (வீட்டில் ராடை வாசலுக்கு வெளியேதான் வைக்க வேண்டும் என்று உத்தரவு.)

கார்க் தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம்தான். ஆனால் மொத்தமாக மாற்றிவிடலாமா என்று யோசனை. கடையில் ஈ.வி.ஏ. ஃபோம்தான் (மெத்தென்ற பிளாஸ்டிக் நுரை) உப்புத்தண்ணீருக்குத் தாங்கும், விலையும் குறைவு என்கிறார்கள். எனக்கோ கார்க்கை விட மனசில்லை. மீன் லேசாக முட்டினாலும் கைக்குத் தெரிகிறது, வெயிலில் பிடித்தாலும் சுகமாக இருக்கிறது.

ஃபோம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: மீன் வழவழப்போடு ஈரக்கையில் பிடித்தால் வழுக்குகிறதா? ரெண்டு வருஷ வெயிலில் அமுங்கித் தளர்ந்துவிடுகிறதா? அப்புறம், கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய கைப்பிடியைக் கழற்றிப் புதுசு மாட்டித் தருபவர் யாராவது இருக்கிறார்களா?