விளம்பர நிறுவனத்திற்குள் அமர்ந்து எழுதும் ஃப்ரீலான்ஸ் காப்பிரைட்டர் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி: பனையோலை

வணக்கம். விளம்பர நிறுவனம் ஒன்றில் சில ஆண்டுகள் காப்பிரைட்டராக (விளம்பர வாசகம் எழுதுபவராக) இருந்துவிட்டு, இப்போது தனியாக எழுதத் தொடங்கியிருக்கிறேன். சென்னையில் நடுத்தர அளவிலான வேறொரு நிறுவனம் ஆடித் தள்ளுபடி தொடங்கித் தீபாவளி வரை என்னை அழைத்திருக்கிறது. வாரத்தில் மூன்று நாள்கள் அவர்களுடைய அலுவலகத்திலேயே அமர்ந்து ஒரு ஜவுளிக் கடைக்கும் ஒரு நகைக் கடைக்கும் எழுத வேண்டும். மும்பையிலிருந்து வரும் சோப்பு விளம்பரப் படத்தின் தமிழ் வடிவமும் என் பொறுப்பு. எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை. சம்பளப் பட்டியலில் இல்லாத ஒருவர் அந்த அறையில் எப்படி நடந்துகொள்ள வேண்டும், கூட்டங்களில் எவ்வளவு பேசலாம், திருத்தங்களுக்கு எல்லை வகுப்பது எப்படி, கட்டணத்தை நாள் கணக்கில் கேட்பதா வேலைக் கணக்கில் கேட்பதா என்பவைதான் பிடிபடவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையேன்.

மறுமொழி: அண்ணாசாலை

கிரியேட்டிவ் டைரக்டராக இருந்து, ஃப்ரீலான்ஸ் எழுத்தாளர்கள் பலரை வேலைக்கு அழைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களை அழைத்தவர், உங்கள் எழுத்துக்கு ஒப்புதல் தருபவர், உங்கள் பில்லில் கையெழுத்திடுபவர் ஆகிய மூவரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள். நிரந்தர ஊழியருக்கு இது நாளடைவில் தானாகவே தெரிந்துவிடும். உங்களுக்கு அந்த அவகாசம் இல்லாததால் முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜவுளி, நகை அக்கவுண்ட்களில் (ஏஜென்சி விளம்பரம் செய்து தரும் கடைகளில்) இறுதி ஒப்புதல் பெரும்பாலும் கடை முதலாளியிடமோ அவர் குடும்பத்தாரிடமோதான் இருக்கும். ஏஜென்சியில் எல்லோரும் பாராட்டிய தலைப்பு வரி, தியாகராய நகரில் கல்லாவுக்குப் பின்னாலுள்ள அறையில் ஒரே நிமிடத்தில் தள்ளுபடியாகிவிடும் (ஆடி மாதம் என்றில்லை, எல்லா மாதமும்). ஒரு முறையேனும் அந்தச் சந்திப்புக்கு உங்களை அழைத்துச் செல்லும்படி கேளுங்கள். அதற்கு வழியில்லை என்றால், முதலாளி சொன்னதைக் கிளையண்ட் சர்வீசிங் ஆள் (கடைக்கும் ஏஜென்சிக்கும் இடையே பேசுபவர்) தன் நடையில் சுருக்காமல், அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ‘இன்னும் கொஞ்சம் கிராண்டாக வேண்டுமாம்’ என்று உங்களை வந்தடையும் கருத்து, அங்கே ‘பட்டுச் சேலையின் விலை ஏன் மூலையில் கிடக்கிறது’ என்ற தெளிவான கேள்வியாக இருந்திருக்கும்.

பிரீஃப் (என்ன எழுத வேண்டும் என்ற வேலைக்குறிப்பு) பல சமயம் வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாகத்தான் வரும். அதை நம்பி எழுத உட்காராதீர்கள். யாரிடம் பேசுகிறோம், சலுகை என்ன, எங்கே வெளியாகிறது, யார் ஒப்புதல் தருவார், ஆர்ட்வொர்க் (வெளியீட்டுக்குத் தயாரான வடிவமைப்பு) எப்போது போக வேண்டும் என்பனவற்றை நீங்களே மின்னஞ்சலில் எழுதி அனுப்பி, ‘சரி’ என்ற பதில் வந்த பிறகு தொடங்குங்கள். நாளிதழ் முழுப்பக்கத்துக்கு எழுதியதைக் கடைசி நேரத்தில் ஹோர்டிங்குக்கும் எஃப்எம் ஸ்பாட்டுக்கும் மாற்றித் தரச் சொல்வார்கள். அது திருத்தம் அன்று, புதிய வேலை என்று காட்ட அந்த மின்னஞ்சல் மட்டுமே உங்கள் கையில் இருக்கும்.

கூட்டங்களில் தொடக்கத்தில் குறைவாகப் பேசுவது நல்லது. கிளையண்ட் முன்னிலையில் ஏஜென்சி ஆட்களை மறுத்துப் பேசவே பேசாதீர்கள்.

மறுமொழி: குரல்பதிவு

கிளையண்ட் முன்னிலையில் மறுக்கக் கூடாது என்பதை ஏற்கிறேன். குறைவாகப் பேச வேண்டும் என்பதை ஏற்கவில்லை. ஒரே கடைக்குத் தீபாவளிதோறும் எழுதிச் சலித்தவர்களின் கண்ணில் படாத ஒன்று உங்கள் கண்ணில் படும் என்பதற்காகத்தானே வெளியாளுக்குப் பணம் தருகிறார்கள்? ஆனால் தோன்றியதை முதலில் உங்களோடு இணைந்து வேலை செய்யும் ஆர்ட் டைரக்டரிடம் சொல்லி, அவருடைய லேஅவுட்டோடு சேர்த்து இருவருமாக முன்வையுங்கள். அங்குள்ள இளம் எழுத்தாளர்களுக்கு, தமக்கு வர வேண்டிய நல்ல வேலை உங்களிடம் போய்விட்டதே என்ற மனத்தாங்கல் இருக்கக்கூடும். உங்கள் கட்டணத்தைப் பற்றி அவர்களிடம் மூச்சு விடாதீர்கள்.

சோப்பு விளம்பரத்துக்கு ஆங்கில ஸ்கிரிப்டை மட்டும் அனுப்பி, மாலைக்குள் தமிழ் கேட்பார்கள். ஸ்டோரிபோர்டையோ (காட்சிகளை வரிசையாக வரைந்த படங்கள்), எடிட் முடிந்த படத்தையோ, மும்பையில் எழுதப்பட்ட மூல பிரீஃபையோ கேட்டு வாங்காமல் தொடங்க வேண்டாம். நடிகை நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசும் ஷாட்டில் உதடு மூடும் இடத்தில் ப, ம போன்ற எழுத்து விழாவிட்டால், டப்பிங் அறையில் வரி உடைந்து, குரல் கலைஞரே வாய்க்கு வந்தபடி மாற்றிவிடுவார். முகம் தெரியாத ஷாட்களில் உங்களுக்கு முழுச் சுதந்திரம் உண்டு; நல்ல வரியை அங்கே வையுங்கள். எழுதியதைக் கைப்பேசியில் நேரம் பார்த்து உரக்கப் படித்த பிறகே அனுப்புங்கள். ஒலிப்பதிவன்று ஸ்டுடியோவில் இருப்பதற்கும் சேர்த்துக் கட்டணம் பேசிக்கொள்வது நல்லது.

மறுமொழி: பற்றுவரவு

பணத்தைப் பற்றி இருவருமே விரிவாகப் பேசாததால் நான் எழுதுகிறேன். அலுவலகத்தில் அமரும் நாள்களுக்கு நாள் கணக்கும், வீட்டிலிருந்து முடித்துத் தரும் தனி வேலைக்கு வேலைக் கணக்கும் பொருந்தும். பண்டிகைக் காலத்தில் ‘நாள்’ எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இத்தனை மணி வரை ஒரு நாள், அதற்கு மேல் அரை நாள் கட்டணம் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். வேலைக் கணக்கில் இரண்டு சுற்றுத் திருத்தம் அடக்கம், பிரீஃப் மாறினால் புதுக் கட்டணம் என்பது நியாயமான ஏற்பாடு. பர்சேஸ் ஆர்டர் (வேலையை உறுதிசெய்து ஏஜென்சி தரும் எழுத்து ஆணை) கைக்கு வராமல் தொடங்காதீர்கள்.

தொழில்முறைக் கட்டணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் ஏஜென்சி 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழித்துக்கொள்ளும் வருமான வரி) பிடிக்கும். பிடித்ததை உங்கள் பான் எண்ணில் செலுத்தினார்களா என்று வருமான வரித் தளத்தில் அவ்வப்போது பாருங்கள். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு இல்லாமல் பில்லில் 18 சதவீதம் சேர்க்கக் கூடாது.

‘கிளையண்ட் இன்னும் தரவில்லை’ என்பதுதான் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் பதில். அதற்காக இப்போதே சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணத்தை 45 நாள்களுக்கு மேல் இழுக்க முடியாது; ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்கள்தான். தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. இதை வைத்து வழக்குக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டிருந்தாலே அக்கவுண்ட்ஸ் பிரிவு அதை அடுக்கின் மேலே எடுத்து வைக்கும்.

உரிமையும் அப்படித்தான். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் எழுதியதற்கு நிறுவனம் முதல் உரிமையாளர். ஃப்ரீலான்ஸராக நீங்கள் எழுதிய வாசகம், எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை உங்களுடையது. ஏஜென்சி முழு உரிமையையும் கேட்கும், கொடுக்கத்தான் வேண்டியிருக்கும். பணம் முழுவதும் வந்த பிறகே உரிமை மாறும் என்ற வரியையும், வெளியான பின் போர்ட்ஃபோலியோவில் காட்டலாம் என்ற அனுமதியையும் அதே ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். விருதுக்கு அனுப்பினால் பங்களித்தோர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

பனையோலை

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒரு ஐயம். இதே பருவத்தில் மற்றொரு ஏஜென்சியும் வேறொரு நகைக் கடைக்கு எழுத அழைக்கிறது. ஃப்ரீலான்ஸர்தானே, இரண்டையும் ஏற்பதில் தவறுண்டா?

மறுமொழி: அண்ணாசாலை

ஏற்காதீர்கள். சேதாரச் சலுகை எத்தனை சதவீதம், எந்த நாளில் அறிவிக்கிறார்கள் என்பது அட்சய திருதியை, தீபாவளிக் காலங்களில் கடைகள் பொத்திக் காக்கும் செய்தி. நீங்கள் ஒரு சொல்லும் வெளியே விடாவிட்டாலும், இரண்டு விளம்பரங்கள் ஒன்றுபோல அமைந்துவிட்டால் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும். நகைக் கடை தவிர வேறு எந்த அக்கவுண்டும் செய்யத் தயார் என்று இரண்டாவது ஏஜென்சிக்கு எழுதுங்கள். முதல் ஏஜென்சி நகைப் பிரிவில் வேறு யாருக்கும் எழுதக் கூடாது என்று எழுத்தில் கேட்டால், அந்தக் கட்டுப்பாடு தீபாவளியோடு முடிகிறது என்று தேதியைக் குறிப்பிடச் சொல்லி, அதற்கேற்ப நாள் கட்டணத்தைக் கூட்டிக் கேளுங்கள்.