எங்கட குடும்பக் குழு: மக்டேவிட் ஓடின வெள்ளிக்கிழமை

2024 பெப்ரவரி 2

சின்ன மாமா, 6:41
உள்ளுக்கு வந்திட்டம். ரொறன்ரோ ஸ்கோஷியாபாங்க் அரீனாவில மேல்தட்டு, ஆனால் ஐஸ் ரிங்க் முழுக்க வடிவாத் தெரியுது. குட்டி கதிரையில இருக்கிறாளில்லை. கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாள்.
[படம்]

அம்மா, 6:43
பிள்ளைக்குக் கையுறை போட்டதோ? உள்ளுக்கும் குளிரும் எல்லோ.

சின்ன மாமா, 6:43
போட்டிருக்கு அக்கா.

பெரியம்மா (கொக்குவில்), 6:47
இஞ்ச விடிய அஞ்சேகால். தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிப்போட்டுப் போனைப் பாத்தன். இது என்ன மச் தம்பி? ஆர் ஆரோட விளையாடினம்?

சின்ன மாமா, 6:50
மச் நாளைக்கு அக்கா. இண்டைக்குத் திறமைப் போட்டி. என்எச்எல் எண்ட ஐஸ் ஹொக்கி லீக்கில ஆகத் திறமான 12 பேரை எடுத்து, ஆர் கெதியாச் சறுக்கிறது, ஆர் பலமா அடிக்கிறது, ஆர் குறி தவறாமல் அடிக்கிறது எண்டு தனித்தனியாப் பாப்பினம். 1990இல பிற்ஸ்பேர்க்கில தொடங்கினது.

பெரியம்மா (கொக்குவில்), 6:51
அப்ப எங்கட மாட்டுவண்டில் சவாரி மாதிரி. நேரம் பாத்துப் பரிசு குடுக்கிறது.

அண்ணா, 6:54
ஓம் பெரியம்மா. ஆனால் இதில ஒரு ஆளும் முழு மூச்சா ஓடுறேல்லை. அதுதான் என்ர கோவம். 2022இல லாஸ் வேகஸில ஹோட்டலுக்கு முன்னால தண்ணி பாயிற தடாகத்துக்குள்ள நிப்பாட்டி வச்சுப் பக் (ஹொக்கியில பந்துக்குப் பதிலா அடிக்கிற தட்டு) அடிக்க விட்டவை. ஐஸே இல்லை. விளையாட்டுக்காரர் விடுமுறைக்கு வந்த மாதிரி வந்து சிரிச்சுப்போட்டுப் போவினம். சனம் எவ்வளவு காசு குடுத்து வருது!

சின்ன மாமா, 7:01
நீ சொல்லுறது பழைய கதை மருமோன். இந்த முறை முழுக்க மாத்தியிருக்கினம். எட்மண்டன் அணியின்ர மக்டேவிட்டிட்டையும் கருத்துக் கேட்டுத்தான் செய்தவை. முந்தி ஒருத்தர் ஒரு போட்டியில வந்து நிண்டிட்டு மற்ற நேரம் முழுக்க வாங்கில இருப்பார். இப்ப அதே 12 பேரும் கடைசிமட்டும் மோத வேணும். முதல் ஆறு போட்டியில ஒவ்வொருத்தரும் நாலைத் தெரிவுசெய்யினம். முதலாவதா வந்தால் 5 புள்ளி, பிறகு 4, 3 எண்டு குறையும். அதில மேல வாற 8 பேர் கோலியோட (வலையைக் காக்கிற ஆள்) தனிச்சு மோத வேணும். அதுக்குப் பிறகு 6 பேர் தடை ஓட்டத்துக்குப் போவினம். அங்க புள்ளி இரட்டிப்பு. கடைசியில முதலாவதா நிக்கிற ஆளுக்கு 10 இலட்சம் டொலர். இரண்டாவது ஆளுக்கு ஒண்டுமில்லை.

அண்ணா, 7:03
மக்டேவிட்டுக்குச் சராசரி வருசச் சம்பளமே 12.5 மில்லியன் டொலர். இந்தக் காசுக்காக அவர் ஓடுவார் எண்டு நான் நம்பேல்லை.

சின்ன மாமா, 7:03
காசுக்காக ஓடமாட்டார். தோக்கப் பிடிக்காததால ஓடுவார். பாத்துக்கொண்டிரு.

நான், 7:12
அம்மாவும் நானும் ரீவியில பாக்கிறம். முதல் போட்டி கெதியாச் சறுக்கிறது எல்லோ?

சின்ன மாமா, 7:13
ஓம். ரிங்கைச் சுத்தி ஒரு வட்டம். கடிகாரம் பொய் சொல்லாது, அதுதான் எனக்கு இந்தப் போட்டி ஆகலும் விருப்பம். 2020இல செயின்ற் லூயிஸில இதே போட்டியில பார்ஸல் எண்ட விளையாட்டுக்காரர் 13.175 செக்கன்ட், மக்டேவிட் 13.215. ஒரு செக்கன்டில நூறில நாலு பங்கால மக்டேவிட் தோத்தவர். மூண்டு வருசம் தொடர்ந்து வென்ற ஆளுக்கு அது சரியான அடி. இண்டைக்கும் பார்ஸல் நிக்கிறார்.

நான், 7:24
மாமா!!! மக்டேவிட் 13.408!!!

சின்ன மாமா, 7:26
பார்ஸலுக்கு 13.519. இந்த முறை இவர்தான். ரீவியில உது தெரியாது. வளைவில உடம்பு முழுக்க உள்பக்கம் சரியுது, ஆனால் கால் மாறி மாறி வைக்கிறது நிக்கேல்லை. மற்ற ஆக்கள் வளைவில ஒரு இடத்தில எண்டாலும் சும்மா சறுக்கி எடுப்பினம். இவர் ஒவ்வொரு அடியிலயும் ஐஸைத் தள்ளுறார். மேல்தட்டில இருக்கிற எங்களுக்கே அந்த பிளேட் ஐஸைக் கீறுற சத்தம் கேட்டது, ஏனெண்டால் சனம் அவ்வளவும் மூச்சுவிடாமல் இருந்தது.

பெரியம்மா (கொக்குவில்), 7:29
இவ்வளவு சனத்தின்ர மூச்சுக்கு உந்த ஐஸ் உருகாதோ?

பெரிய மாமா (ஒட்டாவா), 7:31
உருகாது. கீழ கொங்கிறீற்றுக்குள்ள கிட்டக்கிட்டக் குழாய் போட்டிருக்கு. அதுக்குள்ள உறையாத குளிர்த் திரவம் ஓடிக்கொண்டிருக்கும். மேல இருக்கிற ஐஸ் ஒரு அங்குலம் மட்டிலதான்.

அண்ணா, 7:58
இப்ப என்ன சொல்லுறியள் மாமா? தம்பா பே அணியின்ர குச்செரொவ்வைப் பாத்தியளே? சனம் எழும்பி நிண்டு 'பூ' எண்டு கத்துது.

சின்ன மாமா, 8:02
பாத்தனான். சரியான கோவம் வந்தது. இந்த வருசம் புள்ளிப் பட்டியலில மேல நிக்கிற ஆள், அந்தக் கையில என்ன திறமை இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும். வந்து ஏதோ கடமைக்கு ஸ்ரிக்கை ஆட்டிப்போட்டுப் போறார். தோக்கிறதில பிழை இல்லை. குட்டியும் கிழமைக்குக் கிழமை தன்ர ஹொக்கி மச்சில தோத்துப்போட்டுத்தான் வாறாள். ஆனால் எனக்குப் பக்கத்து வரிசையில ஒரு பெடியன் தம்பா பே மேலாடை போட்டுக்கொண்டு தகப்பனோட வந்திருக்கு. ரொறன்ரோ லீஃப்ஸ் அணியின்ர இவ்வளவு சனத்துக்கு நடுவில, குச்செரொவ்வைப் பாக்கத்தான் வந்தது. வர விருப்பமில்லையெண்டால் வராமல் விட்டிருக்கலாம், அந்த இடத்தை வேற ஆளுக்குக் குடுத்திருப்பினம்.

அம்மா, 8:04
பாவம் அந்தப் பெடியன்.

நான், 8:09
கேல் மக்கார் மணிக்கு 102.56 மைல்! பலமா அடிக்கிறதில அவர்தான் முதலாவது.

பெரிய மாமா (ஒட்டாவா), 8:17
நல்ல அடி. ஆனால் 2012இல இஞ்ச ஒட்டாவாவில நடந்தேக்க நான் அரங்கில நிண்டனான். ஸ்டெனோ சாரா, ஆறடி ஒன்பது அங்குலம். முந்தி எங்கட ஒட்டாவா அணியில இருந்தவர், பிறகு பொஸ்ரனுக்குப் போனவர். மணிக்கு 108.8 மைல், கிலோமீற்றரில 175. என்எச்எல் போட்டியில இண்டைவரைக்கும் அதை ஒருத்தரும் தாண்டேல்லை. அந்த இலக்கம் திரையில விழுந்த உடன எதிரணிக்காரரும் சேர்ந்து ஸ்ரிக்கால ஐஸில தட்டினவை.
உந்த அடியில உடம்புப் பலம் ஒரு பங்குதான். ஸ்ரிக் நேர பக்கில படுறேல்லை. பக்குக்குக் கொஞ்சம் பின்னால முதல் ஐஸில தட்டும், தடி வளையும், அது நிமிருற விசைதான் பக்கைத் தள்ளுது. இப்பத்தைய தடி எல்லாம் கார்பன் நார், அளவா வளையும். அல் மக்கினிஸ் இந்தப் போட்டியை ஏழு தரம் வென்றவர், மரத்தடியோட! நோவா ஸ்கோஷியாவில ஒரு சின்ன ஊர்க்காரர். சின்னனில வீட்டுக் களஞ்சியச் சுவரில பலகையைச் சாத்திவச்சு அடிச்சு அடிச்சுப் பழகினவர்.

சின்ன மாமா, 8:21
குட்டி இதை வாசிச்சிட்டு கராஜ் கதவைப் பற்றி என்னட்டக் கேக்கிறாள். போனைத் தா எண்டு நிக்கிறாள், குடுக்கிறன்.

சின்ன மாமா, 8:24
இது நான் குட்டி. பெரியப்பா சொன்ன கதை நல்லா இருக்கு. ஒரு கேள்வி. நேற்றுப் பெண்கள் மூண்டுக்கு மூண்டு மச் விளையாடினவை, சேரா நேர்ஸும் விளையாடினவ. ஏன் இண்டைக்குப் புள்ளிக்கு மோதுற 12 பேரிலயும் ஒரு பெண்ணும் இல்லை? போன வருசம் புளோரிடாவில சேரா நேர்ஸ் என்எச்எல் கோலி ஷெஸ்டர்கினுக்கு கோல் போட்டவ எல்லோ. பீற்றர் போர்ஸ்பேர்க் 1994 ஒலிம்பிக்கில போட்ட அதே மாதிரி, ஒரு கையால.

நான், 8:27
சரியான கேள்வி குட்டி. 2019இல சான் ஹொசேயில கெதியாச் சறுக்கிற போட்டிக்கு, மக்கினனுக்குக் கால் காயம் எண்டு கடைசி நேரத்தில கெண்டல் கொய்ன் ஸ்கோஃபீல்ட் எண்ட பெண்ணைக் கூப்பிட்டவை. அஞ்சடி இரண்டு அங்குலம். அவ 14.346 செக்கன்ட், வென்ற மக்டேவிட் 13.378. ஒரு செக்கன்ட்தான் வித்தியாசம். எட்டுப் பேரில ஏழாவது, ஒரு ஆண் அவவுக்குப் பின்னால வந்தவர். அண்டைக்கு அந்த அரங்கு முழுக்க எழும்பி நிண்டது எனக்கு இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

அண்ணா, 8:30
அதே இரவுதான் பிரியானா டெக்கர் பக் கடத்துற போட்டியைச் செய்து காட்டினவ. போட்டிக்கு இல்லை, சும்மா காட்டுறதுக்கு. ரீவியில பாத்த சனம் நேரத்தைக் கணக்குப்பாத்து, வென்ற ட்ரைசைற்றலை விட இவதான் கெதி எண்டு சண்டை பிடிச்சது. பரிசு 25,000 டொலர் அவருக்குப் போனது. பிறகு ஹொக்கிச் சாமான் செய்யிற சிசிஎம் கொம்பனி அதே தொகையை டெக்கருக்குக் குடுத்தது. குட்டி கேக்கிறது நியாயம். கூப்பிடுறதெண்டால் புள்ளியோட கூப்பிட வேணும், காட்சிக்கு மட்டும் கூப்பிடக்கூடாது.

பெரியம்மா (கொக்குவில்), 8:33
இந்தப் பிள்ளை பெரிசா வரேக்க எண்டாலும் கூப்பிடட்டும். முருகன் காப்பான்.

சின்ன மாமா, 8:41
போன் திரும்பிக் கிடைச்சிட்டுது. பக் உருட்டிக்கொண்டு வளைஞ்சு போற போட்டியும் மக்டேவிட்தான். இப்ப குறிபாத்து அடிக்கிறது. வலையின்ர நாலு மூலையிலயும் நாலு இலக்கு.

நான், 8:49
மக்டேவிட் 9.158 செக்கன்டில நாலும்! அம்மா கதிரையை விட்டு எழும்பிட்டா!

அம்மா, 8:50
எனக்கு ஒரு சட்டமும் விளங்கேல்லை. ஆனால் அந்தப் பெடியனுக்குச் சிரிப்பே வரேல்லை, வேலையில நிக்கிற ஆள் மாதிரி நிக்கிறார். அது பிடிச்சிருக்கு.

சின்ன மாமா, 8:52
அக்கா, நான் இவ்வளவு நேரமும் சொல்ல வந்தது அதைத்தான். எங்கட மத்தியூஸும் நீலாண்டரும் வெல்ல வேணும் எண்டுதான் இந்தச் சனம் முழுக்க வந்தது. மக்டேவிட் எட்மண்டன்காரர். எண்டாலும் இப்ப எல்லாரும் அவருக்குக் கை தட்டினம், ஏனெண்டால் இந்த ஐஸில ஆகலும் கூடப் பாடுபடுற ஆள் அவர்தான் எண்டு கண்ணால கண்டிட்டினம்.

பெரிய மாமா (ஒட்டாவா), 9:05
கோலிமாருக்கும் இந்த முறை பரிசு வச்சது நல்லது, ஆகத் திறமா மறிச்சவருக்கு 100,000. ஜோர்ஜியெவ் எடுத்திட்டார். மற்ற வருசங்களில அவை சும்மா வலைக்குள்ள நிண்டு அடி வாங்கிறதுதான் வேலை.

சின்ன மாமா, 9:22
முடிஞ்சுது!! மக்டேவிட்டுக்குத் தடை ஓட்டம் 40.606 செக்கன்ட், அதிலயும் முதலாவது, 10 புள்ளி! மொத்தம் 25. இரண்டாவது மக்கார், 14. கிட்டவும் ஒருத்தரும் வரேல்லை.

அண்ணா, 9:25
மக்டேவிட் உண்மையா ஓடினவர். மறுக்கேல்லை. ஆனால் நாளையான் மச்சை நான் பாக்க மாட்டன். உடம்போட உடம்பு முட்டாத ஹொக்கியை ஹொக்கி எண்டு சொல்லேலாது.

சின்ன மாமா, 9:27
நாளையான் மச்சுக்கு நானும் வாதாட மாட்டன். இண்டையான் இரவு மட்டும் எனக்குக் காணும். சரி, ஒரு உதவி. 16ஆம் திகதி இதே அரீனாவில ரொறன்ரோ, மொன்றியல் பெண்கள் அணி மோதுது. ரிக்கற் எல்லாம் வித்து முடிஞ்சுது. ஆராவது விக்கிறதைக் கண்டால் உடன சொல்லுங்கோ. குட்டிக்குச் சேரா நேர்ஸைப் பாக்க வேணுமாம்.

அண்ணா, 9:29
என்னோட வேலை செய்யிற ஒரு ஆள் நாலு எடுத்து வச்சிருக்கிறார், இரண்டு பேர்தான் போகினமாம். திங்கள் காலமை முதல் வேலையாக் கேக்கிறன். குட்டியிட்ட இப்பவே சொல்லாதேங்கோ.

சின்ன மாமா, 9:30
அவள் என்ர தோளுக்கு மேலால வாசிச்சுக்கொண்டு நிக்கிறாள்.