ஜோகன்னஸ்பர்க் குளிரில் வெளியே படுக்கும் நாய்க்குட்டி: உங்கள் அனுபவம் என்ன?

மிட்ராண்டிலிருந்து:
நாயை வீட்டுக்குள் விடக்கூடாது என்பது எங்கள் வாடகை ஒப்பந்தம். ஜூன் மாதம் வந்த குட்டிக்குப் பின்வாசல்தான் இடம். இந்த ஊர்க் குளிர் ஆளை ஏமாற்றும். மதியம் 17, 18 டிகிரி, அரைக்கைச் சட்டையோடு வெயில் காயலாம். ஆனால் நாம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில். குளிர்காலத்தில் மேகமும் கிடையாது. பொழுது சாய்ந்ததும் பகல் சூடு அத்தனையும் போய்விடும். விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி, தண்ணீர்க் கிண்ணத்தில் கண்ணாடி மாதிரி ஓர் ஏடு.

அப்படி ஒரு காலை, ராத்திரி முழுக்க நடுங்கிய குட்டி நடுக்கம் நின்று சுருண்டு கிடந்தது. தூங்குகிறது என்றே வீட்டில் எல்லோரும் இருந்தோம். பக்கத்து வீட்டு ஆண்ட்டி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "நடுங்குற குட்டிக்கு இன்னும் தெம்பு இருக்கு. நடுக்கம் நின்னும் உடம்பு சில்லுனு இருந்தாத்தான் பயப்படணும்" என்று ஓடி வந்தார். காது சில்லென்று இருந்தது, ஈறு வெளுத்திருந்தது. ஸ்வெட்டருக்குள் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார். ஹீட்டர் பக்கம் கொண்டுபோகவே விடவில்லை, தோல் வெந்துவிடுமாம். ஈறில் துளி தேன் தடவினார். பால் கொடுக்கலாமா என்றதற்கு, "சூடு ஏறட்டும், அப்புறம் பால்" என்றார். உடம்பு சில்லிட்ட குட்டிக்கு விழுங்கத் தெம்பு இருக்காது, பால் நுரையீரலுக்குள் போய்விடலாம், வயிறும் செரிக்காது என்று பிறகு வெட் டாக்டரும் அதையேதான் சொன்னார். இப்போது குட்டி நன்றாக இருக்கிறது, என் செருப்பைத் தவிர வேறெதையும் மதிப்பதில்லை.

லெனேசியாவிலிருந்து:
ஆண்ட்டிக்கு ஒரு கும்பிடு. கூண்டைப் பற்றி நான் சொல்கிறேன். வாசல் வடக்கே பார்க்கட்டும். நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. குளிர்காலச் சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது, குளிர்க்காற்று தெற்கிலிருந்து வருகிறது. தெற்கு வாசல் வைத்தால் வெயிலும் கிடையாது, காற்று நேரே உள்ளே. அப்புறம், பெரிய கூண்டு வாங்காதீர்கள். குட்டியின் உடம்புச் சூடுதான் அதற்கு ஹீட்டர், அது நிரப்ப முடிகிற அளவுதான் இடம் வேண்டும். அடியில் மரப் பேலட் கொடுத்துத் தரையிலிருந்து தூக்குங்கள், வாசலில் கோணி தொங்கவிடுங்கள்.

கரண்ட் போன ராத்திரி சிலர் கராஜில் கரி போட்டு இம்பவுலா (ஓட்டை போட்ட தகர டின் அடுப்பு) மூட்டிக் குட்டியையும் அங்கே விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மூடின இடத்தில் அந்தப் புகை ஆளையே கொல்லும். 2012 ஆகஸ்டிலும் 2023 ஜூலையிலும் இங்கே பனி பொழிந்த நாட்களில் எங்கள் நாய்கள் சமையலறையில்தான் படுத்தன. அந்த மாதிரி நாளில் ஒப்பந்தமாவது ஒன்றாவது! வீட்டுக்காரரிடம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து:
எங்கள் குளிரைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஜூலை ராத்திரியிலும் பெரும்பாலும் 10 டிகிரிக்கு மேல்தான். ஆனால் ஒரு விஷயம். ஈறு வெளுத்தால் குளிர் மட்டும்தான் காரணம் என்று இருந்துவிடாதீர்கள். இங்கே உண்ணிகள் குளிர்காலத்திலும் விடுவதில்லை, உண்ணி கடித்து வரும் பிலியரி என்ற ரத்த நோய் வந்தாலும் ஈறு வெளுத்துக் குட்டி துவண்டுவிடும். எங்கள் பெட்டை நாய்க்கு அப்படித்தான் ஆனது. குளிரில் சோர்ந்திருக்கிறது என்று போர்த்திக்கொண்டிருந்தோம், தொட்டால் கொதித்தது. சில்லென்று இருந்தால் குளிர், கொதித்தால் காய்ச்சல். எதுவானாலும் அன்றைக்கே வெட்.

மிட்ராண்டிலிருந்து:
நன்றி. வாசலைத் திருப்பிவிட்டேன். உள்ளே பழைய போர்வை போட்டிருக்கிறேன், காலையில் ஈரமாக இருக்கிறது. டெஃப் என்கிற காய்ந்த புல் கட்டு வாங்கிப் போடலாமா?

லெனேசியாவிலிருந்து:
டெஃப் மாட்டுக்கும் குதிரைக்கும் தீவனம், ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும், பூசணமும் பிடிக்கும். கோதுமை வைக்கோல் கேளுங்கள், தண்டு உள்ளே குழலாக இருப்பதால் ஈரம் தங்காது. குட்டி உள்ளே புதைந்து படுக்கிற அளவுக்குத் தாராளமாகப் போடுங்கள், நசநசத்தால் உடனே மாற்றுங்கள். போர்வையைத் துவைத்து உள்ளே வைத்துவிடுங்கள், வெளியே அதனால் பிரயோஜனம் இல்லை.