மேலதிகாரி சொன்ன ஒரு சொல்லில் கை வேகமெடுத்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

கட்டிங் மேசை, திருப்பூர்

பனியன் கம்பெனியில் இருந்தவர்களுக்கு ஷேடு பிரச்சினையை நான் விளக்க வேண்டியதில்லை. வெவ்வேறு லாட்டில், அதாவது வெவ்வேறு முறை, சாயமேறிய துணிகள் கலந்து வெட்டப்பட்டதால், உடலுக்கும் கைக்கும் நிறம் ஒத்துவராத டி-ஷர்ட்டுகள் பெட்டிக்குள் போய்விட்டன. மறுநாள் காலை லாரி புறப்பட வேண்டிய நிலையில் பையரின் (சரக்கை வாங்கும் நிறுவனத்தின்) ஆய்வாளர் மொத்தச் சரக்கையும் நிறுத்திவிட்டுச் சென்றார். மாலையில் மேலாளர் செக்கிங் மேசைக்கு அழைத்தபோது, வசவு விழப்போகிறது என்றே டெய்லர் முதல் அவருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடி வரை அனைவரும் தலைகுனிந்து நின்றோம். அவர் ஒரு டி-ஷர்ட்டைக் குழல் விளக்கின் கீழ் விரித்துப் பிடித்து, அதன் கையை மடித்து உடலின் மேல் வைத்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, “யார் என்று இன்றைக்கு நான் கேட்கப் போவதில்லை. ஒரு மேசையில் மணிக்கு எத்தனை பீஸ் பிரிக்க முடியும் என்று மட்டும் சொல்லுங்கள். நானும் ஒரு மேசையில் உட்காருகிறேன்” என்றார். விடியற்காலை நான்கு மணிக்குக் கடைசிப் பெட்டியை ஒட்டினோம். அந்த ‘இன்றைக்கு’ என்ற சொல் மட்டும் பதினோரு ஆண்டுகளாக என்னை விடவில்லை.

பத்தாம் வகுப்பு ஆசிரியை

எனக்கு உறுத்துவது நானே சொன்ன சொல். ‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ என்பது எங்கள் பதிவேடுகளில் புழங்கும் சொல். அதில் இழிவு எதுவும் இருப்பதாக எனக்கு அதுவரை தோன்றியதில்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “மெல்லக் கற்பவர்கள் எல்லாம் சன்னல் பக்கம் வந்து உட்காருங்கள்” என்று வகுப்பின் நடுவில் நின்று சொல்லிவிட்டேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் புத்தகப் பையை முதுகில் மாட்டாமல், பெயர் எழுதிய பக்கம் உள்ளே இருக்கும்படி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து வந்தான். மறு ஆண்டு, “மாலை ஐந்து மணி வரை என்னோடு இருப்பவர்கள்” என்று மாற்றிச் சொன்னேன். அந்தப் பட்டியலில் இல்லாத மூன்று பிள்ளைகள் தாமும் இருக்கலாமா என்று கேட்டு வந்தார்கள். முந்தைய ஆண்டுப் பையன் தேர்ச்சி பெற்றான் என்பதைக்கூட இங்கே ஆறுதலுக்காகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

சோதனைப் பொறியாளன்

முதல் பதிவிட்ட நண்பருடன் நான் உடன்படவில்லை. ‘யார் என்று கேட்கப் போவதில்லை’ என்பது நல்ல சொல்தான். ஆனால் ‘பொறுப்பு என்னுடையது’ என்று அந்த மேலாளர் சொல்லவில்லையே. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் கடலில் விழுந்தபோது, திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாமைப் பின்னால் நிறுத்திவிட்டு, செய்தியாளர்களின் முன் தாமே சென்று பதில் சொன்னார் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று அதே ஏவுகலம் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியதும், செய்தியாளர்களிடம் பேசும்படி கலாமை அனுப்பினார். கலாம் இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார்; எங்கள் கல்லூரி மேடையில் சொன்னபோது, நான் தரையில் அமர்ந்து கேட்டேன். நான் வேலை பார்த்த இடத்தில் இதற்கு நேர்மாறாக, வாடிக்கையாளரின் முன்னிலையில் எங்கள் குழுத் தலைவர் என் பக்கம் திரும்பி, “நீயே விளக்கிவிடு” என்றார். அந்த இரண்டே சொல்லில் என் உற்சாகம் வடிந்ததைத்தான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.



வயர்மேன், கொங்குப் பகுதி

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, வெளிமாவட்டங்களிலிருந்து சென்ற ஆட்களில் நானும் ஒருவன். கம்பங்கள் முறிந்து கிடந்த கணக்கைக் கேட்டால் வேலை செய்யவே மனம் வராது. தென்னைகள் கம்பிகளின் மேலேயே சாய்ந்திருந்தன. முதல் நாள் காலை வந்த ஒரு பெரிய அதிகாரி சேவை, தியாகம், வரலாறு என்று அரை மணி நேரம் பேசினார். நாங்கள் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டோம். ஒன்றும் மனத்தில் ஒட்டவில்லை. அவருடைய கார் போன பிறகு, மூன்று நாள் தாடியோடு நின்ற உதவிப் பொறியாளர் ஒரு தெருவைக் கையால் காட்டி, “இன்றைக்கு இந்தத் தெரு மட்டும் போதும் அண்ணே. பதினேழு வீடு. மூன்றாவது வீட்டில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், இந்த வாரம் நாள்” என்றார். கம்பத்தில் ஏறிய ஒவ்வொரு முறையும் அந்த மூன்றாவது வீட்டின் ஓட்டுக் கூரையைத்தான் நான் பார்த்தேன். இரவு பத்து மணிக்கு மேல் விளக்கு எரிந்தபோது உள்ளேயிருந்து ஒரு கிழவி வெளியே வந்து, எங்களிடம் எதுவும் பேசாமல், திண்ணையில் தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டுப் போனாள்.

பஞ்சாலை ஓய்வூதியர், கோவை

இளைஞர்கள் அனைவரும் ராக்கெட்டையே பிடித்துக்கொள்கிறீர்கள். 1967 தேர்தலுக்கு முன் என் தந்தையின் தோளில் அமர்ந்து அண்ணாவின் பேச்சைக் கேட்டவன் நான். பேசிய பொருள் நினைவில்லை, பெட்ரோமாக்ஸ் விளக்கைச் சுற்றிய பூச்சிகளும் அந்தக் கரகரத்த குரலும் நினைவிருக்கின்றன. எனினும் ஒன்று சொல்வேன். 1956 திருச்சி தி.மு.க. மாநாட்டில் அவர் நெடுஞ்செழியனை, “தம்பி வா, தலைமை ஏற்க வா” என்று அழைத்தபோது, உறவுச் சொல்லோடு பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்தார். இன்றைய நிர்வாகிகள் ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று உறவை மட்டும் கொடுத்துவிட்டு, சாவியைத் தம் பையிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

பொறியாளர் தம்பிக்கு: பொறுப்பேற்பது வாய்ச்சொல்லில் மட்டும் இல்லை. திருப்பூர்க்காரர் சொன்ன மேலாளர் மேசையில் உட்கார்ந்தாரே, அதுவே பொறுப்பேற்றதுதான். நீங்களும் நாளை பத்துப் பேருக்கு மேல் உட்காருவீர்கள்; ஆகவே கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டையும் கவனியுங்கள். தமிழ் இந்த வேறுபாட்டை வீணாக வைத்திருக்கவில்லை. “நாங்கள் முடிவெடுத்துவிட்டோம், இனி நாம் உழைக்க வேண்டும்” என்று ஒருவர் பேசினால், முடிவில் தனக்கு இடமில்லை, உழைப்பில் மட்டும் இடமுண்டு என்பது கேட்பவனுக்கு உடனே புரிந்துவிடும். சங்கத்தில் இருபது ஆண்டுகள் வாயிற்கூட்டம் நடத்திய எனக்கு, கோரிக்கை தோற்ற நாளிலும் ‘நாம்’ என்று சொல்லப் பழகுவதற்கே ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. அடுத்து, பாராட்டும்போது ஆளின் பெயரையும் அவர் செய்த வேலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘எல்லோரும் சிறப்பாகச் செய்தீர்கள்’ என்றால், இரவு முழுதும் அறுந்த இழையை ஒட்டியவளுக்கும், மூலையில் தூங்கியவனுக்கும் ஒரே கூலி கொடுத்ததாகும். ஷிப்டு முடியும் நேரத்தில் கூட்டத்தை நிறுத்திவைத்து ஊக்கமூட்டப் பார்க்காதீர்கள். பேருந்தைப் பிடிக்க வேண்டியவன் காதில் எந்தச் சொல்லும் ஏறாது.

பத்தாம் வகுப்பு ஆசிரியை

ஐயா சொன்ன ‘நாம்’ சரி. ஆனால் பெயர் சொல்லிப் பாராட்டும்போது பெயர் வராத பிள்ளையின் முகத்தையும் நான் பார்க்க வேண்டியிருக்கிறதே. ஆலைக்கும் வகுப்பறைக்கும் ஒரே அளவுகோல் பொருந்துமென்று எனக்குத் தோன்றவில்லை.

கட்டிங் மேசை, திருப்பூர்

பொறியாளருக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. அன்று லாட் சீட்டை மாற்றி ஒட்டியவன் நான்தான். மேலாளர் வந்து உட்கார்ந்தது என் மேசையில், எனக்கு எதிரில். விடியும்வரை அவர் பேசியது “இது வெளிர், அந்தக் கட்டுக்குள் போடு” என்பது போன்ற பேச்சு மட்டுமே. அவருக்குத் தெரிந்திருந்ததா, ‘இன்றைக்கு’ கேட்கவில்லை என்றவர் கேட்கப்போகும் இன்னொரு நாள் எப்போது வரும் என்று ஒவ்வொரு சம்பள நாளிலும் காத்திருந்தேன். அவர் வேலையிலிருந்து நின்ற நாளில் நானே சொல்லிவிடலாமென்று அறைக்குப் போனேன். மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து, “சீட்டெல்லாம் சரியாக ஒட்டுகிறாயா?” என்றார்.

ஒட்டுகிறேன் சார் என்றேன். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.