தோற்றவரும் தேர்தல் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: இலங்கையில் 2025 மே 6 நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் பிரதேச சபைக்குக் கேட்டுத் தோற்றேன். செலவென்றால் ஆட்டோ, ஒலிபெருக்கி, கூட வந்த பெடியளுக்குத் தேத்தண்ணி, வடைதான். இதற்கும் கணக்கா?

பதில் 1: கட்டாயம் அண்ணை. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாளுக்குள் தெரிவத்தாட்சி அலுவலரிடம் (தேர்தலை நடத்தும் அதிகாரி) கொடுக்க வேண்டும். வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான்.

கேள்வி கேட்டவர்: வேட்புமனுவோடு சொத்து விபரம் கொடுத்தேனே, போதாதா? நோட்டீஸ் மச்சான் சும்மா அடித்துத் தந்தது.

பதில் 2: அது வேறு, இது வேறு. மச்சானின் நோட்டீசும் நன்கொடைதான், பெறுமதியைப் போடுங்கோ. வடைக்கும் பில் இருந்தால் நல்லது!