புதுப்பிப்பு: கர்ப்பத்தில் ஆஸ்துமா பம்ப்பை நிறுத்தியது பற்றி

போன மாதம் கேட்டிருந்தேன், நினைவிருக்கிறதா? பத்தாவது வாரம், மாமியார் "பம்ப் பிள்ளைக்கு ஆகாது" என்றதும் நானாகவே நிறுத்திவிட்டேன், அதிலிருந்து இருமல் விடவில்லை, என்ன செய்யலாம் என்று. டாக்டரைப் போய்ப் பார் என்று திட்டியவர்களுக்கு நன்றி.

போனேன். அவர் முதலில் சொன்னது: "உனக்கு மூச்சு முட்டினால் குழந்தைக்கும் ஆக்சிஜன் குறையும்." மருந்தைவிடக் கட்டுப்படாத ஆஸ்துமாதான் ஆபத்தாம். எனக்கு ரத்த அழுத்தம் ஏறலாம், குழந்தை குறைமாதத்தில் பிறக்கலாம், அதன் எடையும் குறையலாம். தினமும் இழுக்கும் பியூடசோனைடைத் திரும்பத் தொடங்கச் சொன்னார். கர்ப்பிணிகளிடம் நிறையவே ஆராயப்பட்ட மருந்தாம் அது. இழுப்பு வந்தால் உடனே மூச்சைத் திறக்கும் சால்பியூட்டமால் பம்ப், ஸ்பேசர் (பம்ப்பில் மாட்டும் குழாய்) வைத்து. இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். (எட்டு வருஷமாகப் பம்ப் போடுகிறேன், இதை யாரும் சொன்னதில்லை!)

தும்மலுக்கு லோரட்டடின் என்ற ஒவ்வாமை மாத்திரை எடுக்கலாம் என்றார். ஆனால் கடையில் கிடைக்கும் சளி மாத்திரைகளில் சூடோஎபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருக்கலாம், முதல் மூன்று மாதம் அது வேண்டாம், அட்டையைப் படித்துப் பார் என்றார். ஒவ்வாமையைப் படிப்படியாகக் குறைக்கப் போடும் ஊசியைக் கர்ப்பத்தில் புதிதாகத் தொடங்கக் கூடாதாம். எனக்கு அது இல்லை, அதோடு விட்டேன்.

சிலருக்குக் கர்ப்பத்தில் ஆஸ்துமா குறையும், சிலருக்குக் கூடும். எனக்கு எதுவென்று இனிமேல்தான் தெரியும். போதாததற்கு, நான் இருக்கும் இடம் தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே; இங்கே இது கரும்புத் தோட்டங்களை எரிக்கும் காலம். கரி பறந்தால் ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். இப்போது ராத்திரி இருமலே இல்லை. மாமியார்தான் காலையில், "பம்ப் போட்டியாம்மா?" என்கிறார்.