கதைக்காமல் சேர்ந்திருந்து படம் கீறுறது: சூமில எப்பிடி ஒழுங்குபடுத்தலாம்?

தூரிகைக்காரி:
வணக்கம். யாழ்ப்பாணத்தில நாலு பேர், லண்டனில ரெண்டு பேர், ரொறொன்ரோவில ஒராள். ஞாயிறுகளில சூமில ஒண்டாயிருந்து, அவையவை தங்கட படத்தைப் பேசாமல் கீறுறதெண்டு யோசனை. வகுப்பில்லை, ஆரும் படிப்பிக்கப் போறதுமில்லை. எல்லாருக்கும் எந்த நேரம் தோதா இருக்கும்? இலவசக் கணக்கு 40 நிமிசத்தில அறுந்துபோகுமே, அதுக்கு என்ன செய்யிறது? இன்னொண்டு: போனை மேசைக்கு மேல பிடிச்சால் வெள்ளைக் கடதாசி சாம்பலாத் தெரியுது, ரியூப் லைற்றில கோடு கோடா ஓடுது. ஏன்?

வடலி:
இஞ்ச பின்னேரம் 7 மணி வையுங்கோ. கோடையில லண்டனில 2.30, ரொறொன்ரோவில காலமை 9.30. மாரியில ரெண்டும் ஒரு மணித்தியாலம் முந்தி வரும். கவனம், அவை ஒரே நாளில மணிக்கூடு மாத்துறேல்லை. ரொறொன்ரோ மார்ச் ரெண்டாவது ஞாயிறு, லண்டன் மார்ச் கடைசி ஞாயிறு. ஒக்ரோபரில லண்டன் கடைசி ஞாயிறு, ரொறொன்ரோ நவம்பர் முதல் ஞாயிறு. இடைப்பட்ட கிழமைகளிலதான் ஆக்கள் பிந்தி வருவினம். அழைப்பை இலங்கை நேரத்தில போட்டால் கலண்டரே மற்றதைப் பாத்துக்கொள்ளும்.

40 நிமிசத்தை இடைஞ்சலா நினையாதேங்கோ. முதல் வோஷைப் (தண்ணி கூடக் கலந்து பரவிப் பூசுற வண்ணம்) போட்டுக் காயவிட்டு, தண்ணி மாத்த அதுவே அளவான வேளை. ரெண்டு லிங்கை முதலே உருவாக்கி அனுப்பிவிடுங்கோ. இடையில அறுக்காமல் இருக்கவேணுமெண்டால் ஜிட்சி எண்ட இலவச வீடியோ அழைப்பைப் பாருங்கோ. அறையைத் திறக்கிறவர் மட்டும் கூகிள் மாதிரி ஒரு கணக்கால உள்ளுக்கு வரவேணும். கூகிள் மீற் இலவசத்தில மூண்டு பேரோ அதுக்கு மேலயோ எண்டால் 60 நிமிசம்.

நாவற்பழம்:
கமெராப் பிரச்சினைக்கு வாறன். கமெரா தான் பாக்கிற முழுப் படத்தையும் சராசரியா நடுச் சாம்பலுக்குக் கொண்டுவரத்தான் பாக்கும். படம் முழுக்க வெள்ளைக் கடதாசியெண்டால் வெளிச்சத்தைக் குறைச்சுப்போடும். போனைக் கடதாசியிலயிருந்து 45 சென்ரிமீற்றர் அளவு உயர்த்தி, மேசை மரமும் கலவைத் தட்டும் படத்துக்குள்ள வரவிடுங்கோ, சாம்பல் போகும். சூம் வீடியோ அமைப்பில குறைஞ்ச வெளிச்சத்துக்குச் சரிசெய்யிற தெரிவையும் நிப்பாட்டுங்கோ. அது இருந்தால் நீலம் ஒருக்கா ஒருமாதிரித் தெரியும்.

கோடு ஓடுறது கரண்டால. எங்கட மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய ரியூப் செக்கனுக்கு 100 தரம் மினுங்கும். கமெரா 60 ஹேர்ட்ஸ் கணக்கில பிடிச்சால் கோடு வரும். வெப்கேமெண்டால் அமைப்பில 50 ஆக்கலாம். போனில அது கிடையாட்டி ரியூப்பை அணைச்சு, மினுங்காத எல்ஈடி மேசை விளக்கு ஒண்டை வையுங்கோ. வலக்கைக்காரருக்கு விளக்கு இடப்பக்கம், சரிவா. நேர் மேல வைச்சால் ஈரமான வோஷ் கண்ணாடி மாதிரிப் பளபளத்து ஒண்டும் தெரியாது.

போனைப் பிடிக்கிற ஸ்ராண்டின்ர கையைத் தண்ணிப் போத்தலுக்கு மேல வராமல் திருப்பிப் பூட்டுங்கோ. பிடி இளகிறது வழக்கம்தான்.

பனங்கூடல்:
ஒழுங்கைச் சொல்ல ஆரும் மறந்துபோட்டியள். உள்ளுக்கு வரேக்கையே எல்லாற்ற மைக்கும் நிக்கிற மாதிரிப் போட்டுவிடுங்கோ. வந்தவுடன சற் பெட்டியில ஒரு வரி: "இண்டைக்கு வேலணைக் கடற்கரை, ரெண்டாவது வோஷ்." அவ்வளவு காணும். கருத்துச் சொல்லுறது கடைசி 10 நிமிசம், அதுவும் கீறினவர் கேட்டால் மட்டும். நடுவில "ஆகா, நல்ல வடிவு" எண்டு ஒராள் தொடங்கினால் பிறகு ஆரும் கீறமாட்டினம்.

கமெராவை முகத்துக்கு வைக்காதேங்கோ, கைக்கும் கடதாசிக்கும் வையுங்கோ. முகம் தெரிஞ்சால் ஆக்கள் கதைக்கத்தான் பாப்பினம். டேட்டா குறைவானவை மற்றாக்களின்ர வீடியோவை நிப்பாட்டிப்போட்டு இருக்கலாம், தங்கட கையைக் காட்டினால் போதும்.

தூரிகைக்காரி:
நன்றி. மேசை மரம் தெரிய வைச்சவுடன கடதாசி வெள்ளையாயிட்டுது. மேல ஃபான் சுத்துறதால வானத்துக்குப் போடுற வோஷ் பாதியிலயே காய்ஞ்சு விளிம்பு கட்டுது. கதவை அடைச்சு ஃபானையும் நிப்பாட்டினால் இருக்கேலாது.

வடலி:
காத்தில்லாமல் இருக்க வேண்டாம், மேல் ஃபானுக்குப் பதிலா, சுவர்ப்பக்கம் திருப்பக்கூடிய ஸ்ராண்ட் ஃபான் இருந்தால் அதைப் போடுங்கோ. சதுர மீற்றருக்கு 300 கிராம் வாற தடிச்ச கடதாசியின்ர ரெண்டு பக்கத்தையும் நனைச்சு, பிளாஸ்ரிக் பலகையில ஒட்டவிட்டுக் கீறினால் ஈரம் கூட நேரம் நிக்கும். கலவையை முதலே, தேவையிலும் கூடவாக் கரைச்சு வையுங்கோ. பாதியில நிண்டு கரைக்கேக்கதான் விளிம்பு கட்டுறது. மாரி மழைக்கு இது தலைகீழ். அப்ப ஒரு பக்கம் மட்டும் நனையுங்கோ, இல்லாட்டி ரெண்டாவது லிங்குக்கு முன்னம் காயாது.